மிகவும் பயனுள்ளதாக இருந்தது

“ஐயா, நான் கேட்டது புத்தகத்தைப் பற்றி. நீங்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது படத்தைப் பற்றி.”

சுகந்தினி இதை எவ்வளவு பணிவாகச் சொல்லலாமோ அவ்வளவு பணிவாகச் சொன்னாள். அவளுக்கு முன்னால் மேசையில் பதினாலு பக்கங்கள், மூலையில் நூல் கோத்துக் கட்டப்பட்டுக் கிடந்தன. முதல் பக்கத்தில் தலைப்பு மட்டுமே அரைப் பக்கம் போயிருந்தது.

ஐயாத்துரை கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“பிள்ளை, கருத்து வேணும் எண்டு கேட்டீர். என்னட்டை இருக்கிற கருத்து இதுதான். போன வருஷம் அந்தப் படத்தைப் பாத்த நாளிலை இருந்து வைச்சிருக்கிறன். கேக்கத்தான் ஆளில்லை.”

ஐயாத்துரைக்கு ஏழாம் வாய்க்கால் கரையில் மூன்று ஏக்கர் வயலும், வாய்க்கால் சந்தியில் சுகந்தினி பொறுப்பாயிருந்த கிளை நூலகத்தில் வாசகர் வட்டத் தலைவர் பதவியும் இருந்தன. வயலில் அவர் சொல்லைக் கேட்பதற்கு நெல்லாவது இருந்தது. வாசகர் வட்டத்தில் அவரைத் தவிர வேறு ஆட்கள் கிடையாது.

அவருக்குக் கோபத்தைக் கிளப்பிய படம் ஒரு சரித்திரப் படம். ராசா, ராணி, யானை, கப்பல், மூன்று மணித்தியாலம். உலகத்திலுள்ள தமிழர்கள் எல்லாம் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஐயாத்துரை கைத்தொலைபேசியில் நிறுத்தி நிறுத்தி மூன்று நாள் பார்த்து, கொப்பியில் பிழை எடுத்தார்.

“ராசா தை பிறந்திட்டுது எண்டு சொல்லிப் படையோடை வெளிக்கிடுறான். பின்னாலை வயலைப் பாத்தால் அப்பதான் நாத்து நட்டிருக்கு. தையிலை நாத்து நடுற நாடு எங்கை இருக்குது? பேந்து ஒரு பாட்டு. பாட்டுத் துடங்கேக்கை வெறுங்காடு, முடியேக்கை குளம் கட்டி முடிஞ்சுது. இரணைமடுக் குளத்துக்கு மண் சுமந்த ஆக்களிட்டை இதைச் சொல்லிப் பாக்கட்டும்.”

“அது சரி ஐயா. ஆனால் கருத்து வேண்டியது இதுக்கு.”

மேசையின் மறுபக்கத்தில் ஒரே மாதிரியான பத்துப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. கறுப்பு அட்டை. அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் ஒரு கையில் குறி பார்க்கும் துவக்கும் மறு கையில் சிவப்பு ரோசாவுமாக நின்றான். ‘கொழும்புத் துறைமுகத்தின் கோமகன்’ என்பது நாவலின் பெயர். எழுதியவர் பெயர் தூறல்மகள் என்றிருந்தது.

ஐயாத்துரை மேலே இருந்த புத்தகத்தை ஒரு விரலால் அப்பால் தள்ளினார்.

“உதை மனிசன் வாசிப்பானோ?”

சுகந்தினியின் மனதிலிருந்த கேள்வியும் அதுதான். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் அந்த நாவலைப் பற்றி இருபத்தைந்து வாசகர்களின் கருத்து எழுத்தில் வேண்டும்.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் மஹ்றூப். மாவட்டத்தின் கிளை நூலகங்களுக்குப் பொறுப்பான அதிகாரி விமலேஸ்வரியின் வாகனச் சாரதி அவர். முல்லைத்தீவுக்காரர்; சுகந்தினிக்கு அண்ணன் முறையில் ‘நானா’. கதவால் நுழையும்போது தோளைக் கொஞ்சம் சரித்துத்தான் நுழைய வேண்டும், அவ்வளவு அகலம். முதல்நாள் புத்தகப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி வந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“தங்கச்சி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேடம் வாறாங்க. வாசிப்பு மாதம் தானே. இந்தப் புத்தகத்தை ஆக்களுக்குக் குடுத்து, இருபத்தஞ்சு பேரிட்டக் கருத்து எழுதி வாங்கி வைக்கட்டாம்.”

“நாலு நாளிலை இருபத்தைஞ்சோ, நானா?”

“கூடினாலும் பரவாயில்லை.”

அந்த வருடம் மட்டும் ‘பாவனை குறைவு’ என்று சொல்லி இரண்டு கிளை நூலகங்களைப் பூட்டிவிட்டார்கள். ஒன்றில் இப்போது உரமூட்டை அடுக்கியிருந்தது. ஏழாம் வாய்க்கால் நூலகமும் பூட்டப்பட்டால் சுகந்தினியின் ஒப்பந்த வேலையும் அதோடு சரி. ஆறு வருடமாக அந்த ஒரு அறையைக் கூட்டித் துடைத்து, எலி கடித்த புத்தகங்களுக்குப் பசை போட்டு வைத்திருப்பவள் அவள். அவளுக்கு அந்த அறையில் விருப்பம். அதை உரமூட்டைக்குக் கொடுக்க அவளால் முடியாது.

பக்கத்துத் தையல் கடை றிஃப்னாவும் ஒரு பிரதி கொண்டுபோயிருந்தாள். சுகந்தினி அவளிடம் ஓடினாள்.

“அறுபது பக்கம் வாசிச்சிட்டன்” என்றாள் றிஃப்னா, வாயில் குண்டூசியோடு. “அவன் பெரிய கடத்தல்காரன். அவளைக் கடத்திக்கொண்டு போறான். ஏன் தெரியுமா? அவ பல்லு டொக்டர். அவனுக்குப் பல்லுக்குத்து.”

“பேந்து?”

“பேந்து காதல்தான். ஆனா அறுபது பக்கத்தில முப்பது பக்கம் அவன் வாகனம் ஓடுறான்.”

அவள் எழுதித் தந்த கருத்து ஒரே ஒரு வரி: ‘இன்னும் முடிக்கவில்லை.’

ஆகக் கையில் இருந்தது முடிக்காத கருத்து ஒன்று, முடிக்கவே முடியாத கருத்து ஒன்று. சுகந்தினி மஹ்றூப்புக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“நானா, இஞ்சை சனம் புத்தகத்தைத் தொடுறதாய் இல்லை. படத்தைப் பற்றி எழுதினால் ஏற்பினமோ? சரித்திரப் படம்தான்.”



“மேடத்திட்டக் கேட்டுச் சொல்றன்” என்றார் மஹ்றூப். கேட்டுச் சொல்வதற்கு அவருக்குப் பத்து விநாடிகூடப் பிடிக்கவில்லை. “படத்தையும் சேக்கலாமாம். ஆனா பாதியாவது புத்தகத்துக்கு இருக்கணுமாம்.”

பெரிய இடங்களில் இவ்வளவு விரைவாக முடிவெடுப்பார்கள் என்பதைச் சுகந்தினி அன்றுதான் அறிந்தாள்.

படம் என்றால் சனம் வரும். புதன்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் படம் போடுவது, வந்தவர்களிடம் அங்கேயே கருத்தை எழுதி வாங்குவது, எழுதியவர்களின் கையில் ஒரு நாவலைத் திணித்து அனுப்புவது என்று திட்டம் போட்டாள். பாடசாலையில் கெஞ்சிப் படமெறியும் கருவியை வாங்கினாள். சுவரில் வெள்ளைச் சேலை கட்டினாள். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். நூலகத்தின் முழு வருட வரவைவிட அது அதிகம்.

ராசா கப்பலில் ஒரு காலை எடுத்து வைத்த இடத்தில் மின்சாரம் போனது.

அரை மணித்தியாலம் இருந்து பார்த்தார்கள். ராசாவின் மற்றக் கால் கப்பலுக்கு வருவதாக இல்லை. சனம் எழும்பத் தொடங்கியது. சுகந்தினி அவசர அவசரமாகத் தாள்களை நீட்டினாள். அந்தத் தாள்களின் தலையில் ‘கருத்துப் படிவம்’ என்று அச்சடித்து வைத்ததுதான் அவள் செய்த பெரிய பிழை.

அந்த ஊர் படிவங்களுக்குப் பழகிய ஊர். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய நாளிலிருந்து அங்கே நடக்காத பயிற்சி இல்லை. கோழி வளர்ப்புப் பயிற்சி, கை கழுவும் பயிற்சி, காளான் பயிற்சி, மனதைச் சாந்தமாக வைத்திருக்கும் பயிற்சி. பயிற்சி கொடுக்க வரும் வளவாளர் முடிவில் ஒரு கருத்துப் படிவம் நீட்டுவார். அதை நிரப்பிக் கொடுத்தால் தேநீரோடு பற்றிஸும் சாப்பாட்டுப் பொதியும் வரும். நிரப்புவதற்கென்று எல்லோரிடமும் மூன்று வசனங்கள் இருந்தன. தாளைக் கண்டதும் கை தானாக எழுதும்.

சுகந்தினி தாள்களைப் பிரித்துப் பார்த்தாள்.

‘இப்பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது. வளவாளர் நன்றாக விளங்கப்படுத்தினார். இவ்வாறான பயிற்சிகள் தொடர்ந்து நடத்தப்பட வேண்டும்.’

முப்பத்தொரு தாளில் இதுவே இருந்தது. ஒருவர் மட்டும் ‘மின்சாரம் இருந்திருந்தால் இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்கும்’ என்று சேர்த்திருந்தார். இன்னொருவர் தன் வீட்டுக்கு வரவேண்டிய கோழிக்கூடு இன்னும் வரவில்லை என்று முறையிட்டிருந்தார். வாய்க்காலுக்கு அப்பால் இடியப்பம் அவித்து விற்கும் சுப்பம்மா எழுதியது இரண்டே சொல்: ‘பற்றிஸ் தரவில்லை.’

நாவல்களை ஒருவரும் தொடவில்லை. அட்டையில் துவக்கைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

“இதை அனுப்பினால் நாளைக்கே பூட்டோடை வருவினம்” என்றாள் சுகந்தினி. வியாழன் காலை, தையல் கடையில் நின்றாள். 

றிஃப்னா வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு மேசையில் இடம் பண்ணினாள். “கொண்டா தாளை. ஆக்களிட்டக் கருத்து இல்லையெண்டா நாம குடுப்பம்.”

“பொய் எழுதிறதோ?”

“உரமூட்டை அடுக்கிறதோ?”

சுகந்தினிக்குப் பொய் எழுத மனமில்லை. பூட்டைப் பார்க்க அதைவிட மனமில்லை. அங்கத்தவர் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். அங்கத்தவர்களுக்குப் படுக்கைக்கு மேல் கட்டும் நுளம்பு வலை கொடுக்கப்போகிறார்கள் என்ற கதை ஒருகாலத்தில் உலாவியதால் அதில் பெயர்களுக்குக் குறைவில்லை. இருபத்துமூன்று பெயரைத் தெரிந்தெடுத்தார்கள். றிஃப்னா ஒரு தாளை வலக்கையால் எழுதினாள், அடுத்ததை இடக்கையால் எழுதினாள், அதற்கடுத்ததை நடந்துகொண்டே எழுதினாள். படத்தில் பாதி பார்த்திருந்தாள், புத்தகத்தில் பாதி வாசித்திருந்தாள். மிச்சத்தை மனதிலிருந்து எடுத்தாள்.

சுப்பம்மாவின் பெயர் வந்தபோது அவளுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது.

“கேளு. ‘ஒரே பாடலில் குளம் கட்டி முடித்த மன்னனைக் கண்டு என் நெஞ்சம் உருகியது. அவருடைய வேகம் இன்றைய அதிகாரிகளுக்கு ஒரு பாடம். அதேபோல் துறைமுகத்தின் கோமகனும் துவக்கு வைத்திருந்தாலும் கருணை உள்ளவர்.’ எப்படி?”

“அந்த அதிகாரி கதையை வெட்டுவம்.”

“வேணாம். அதிலதான் உயிர் இருக்கு.”

மத்தியானம் ஐயாத்துரை வந்தார். வாசகர் வட்டத் தலைவர் ஒவ்வொரு தாளிலும் ஒப்பமிட வேண்டும். இந்த நாட்டில் தலைவர்கள் வாசித்துப் பார்த்து ஒப்பமிடும் வழக்கமில்லை என்ற தைரியத்தில் சுகந்தினி பேனையை மட்டும் நீட்டினாள். ஐயாத்துரை கண்ணாடியை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக வாசித்தார். பதினொன்றாவது தாளில் நின்றார்.

“ஆர் இந்தச் சுப்பம்மா?”

“இடியப்பம் விக்கிறவா, ஐயா.”

“குளம் கட்டினது நெஞ்சை உருக்கிப்போட்டுதாமோ?”

சுகந்தினி பேனையை மறுபடியும் நீட்டினாள்.

“நாளைக்கு மேடத்துக்கு முன்னாலை நானும் இவவும் விவாதம் வைக்கிறம். சனம் கேக்கட்டும், ஆற்றை பக்கம் நியாயம் எண்டு.” ஒரு வருடமாக எதிராளி கிடைக்காமல் வாடியிருந்த மனிதரின் முகத்தில் தெளிச்சி வந்தது. பிறகு தாளை மறுபடியும் பார்த்தார். “புத்தகத்துக்கும் எழுதியிருக்கிறா. அப்ப நானும் வாசிச்சுத்தானே நிக்கவேணும். எடும் ஒண்டை.”

கோமகனைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சுகந்தினி சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு அப்பால் பறந்தாள். சுப்பம்மா மா அரித்துக்கொண்டிருந்தார். விவாதமாவது ஒன்றாவது, ஆள் வராவிட்டால் ஐயாத்துரை தனியே என்ன செய்வார் என்பது சுகந்தினியின் கணக்கு.

“சுப்பம்மாக்கா, நாளைக்கு நீங்கள் நூலகப் பக்கம் வரவேண்டாம்.”

அரிதட்டு நின்றது. “ஏன் புள்ள?”

“ஒண்டுமில்லை. ஆரோ ஒரு மேடம் வாகனத்திலை வாறா. நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ.”

“நான் வரக்கூடாதா?”

“வராமல் விட்டால் நல்லம்.”

இதைவிட நல்ல அழைப்பிதழை அந்த ஊரில் யாரும் அச்சடிக்க முடியாது. மேடம் வருகிறார், வாகனத்தில் வருகிறார், உன்னை வரவேண்டாம் என்கிறார்கள். இதற்கு அந்த ஊரில் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. எதையோ கொடுக்கப் போகிறார்கள், பட்டியலில் உன் பெயரை வெட்டிவிட்டார்கள். சுப்பம்மா அரிதட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலி வேலியாகப் போய்ச் சொன்னார். விளக்கு வைப்பதற்குள் செய்தி வாய்க்காலின் கடைசி மதகு வரைக்கும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நூலகத்தைத் திறக்க வந்த சுகந்தினியால் உள்ளே போக முடியவில்லை. அறுபது எழுபது பேர் முற்றத்தில் நின்றார்கள். எல்லோர் கையிலும் அடையாள அட்டைப் பிரதி. சிலர் குடும்ப அட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். முன்வரிசையில் சுப்பம்மா, நல்ல சேலையில் நின்றார். பக்கத்தில் ஐயாத்துரை, கையில் பதினாலு பக்கத்தோடும் புதிதாக எழுதிய மூன்று பக்கத்தோடும் நின்றார்.

“என்னை வெட்டிட்டு யாருக்குக் குடுக்கப் போறீங்கன்னு பாக்க வந்தேன்” என்றார் சுப்பம்மா.

பத்து மணிக்கு வாகனம் வந்தது. விமலேஸ்வரி கடதாசிகள் நிறைந்த ஒரு கோவையை மார்போடு அணைத்தபடி இறங்கினார். சனத்தைப் பார்த்தார். நூலகப் பலகையைப் பார்த்தார். சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்று மஹ்றூப்பைப் பார்த்தார்.

“இண்டைக்கு இஞ்சை என்ன விசேஷம்?”

“நீங்கள் கேட்ட கருத்துகள்தான், மேடம்” என்றாள் சுகந்தினி.

விமலேஸ்வரி கோவையை மற்றக் கைக்கு மாற்றினார். உத்தியோகத்தில் உயர்ந்தவர்கள் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லிப் பழகியவர்கள் அல்லர்.

“ஓம், ஓம். கருத்துகள். எடுங்கோ பாப்பம்.”

முற்றத்தில் போட்ட ஒரு கதிரையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார்.  மேலே இருந்த தாளைப் பார்த்து விமலேஸ்வரி, “சுப்பம்மா ஆர்?” என்று கேட்டார்.

“நான்தாங்க” என்று சுப்பம்மா அடையாள அட்டைப் பிரதியை நீட்டினார்.

“இந்தக் கோமகனைப் பற்றி என்ன நினைக்கிறியள்?”

கேள்வி கேட்பது அதிகாரி. சுப்பம்மா நிமிர்ந்து நின்றார்.

“ரொம்பப் பயனுள்ளதா இருந்திச்சுங்க. அவரு நல்லா விளங்கப்படுத்தினாரு. இன்னும் ரெண்டு நாள் வச்சா நல்லம்.”

“ஆர் விளங்கப்படுத்தினது?”

“அந்தக் கோமகன் சாருதாங்க.”

ஐயாத்துரை கையை உயர்த்தினார். “மேடம், இவ புத்தகத்தைத் திறந்தே பாக்கேல்லை. எனக்கு விவாதத்துக்கு வாசிச்ச ஆள்தான் வேணும்.”

  இனி மறைத்து என்ன பயன் என்று சுகந்தினிக்குத் தோன்றிவிட்டது.

“அவவிலை பிழையில்லை மேடம். இருபத்துமூண்டு தாளும் நானும் றிஃப்னாவும் எழுதினது. இருபத்தைஞ்சு இல்லாட்டி பூட்டிப்போடுவியள் எண்ட பயத்திலை எழுதினம். ஒருத்தரும் புத்தகம் வாசிக்கினமில்லை. நான் கேட்டுப் பாத்தனான், மேடம். கெஞ்சியும் பாத்தனான்.”

விமலேஸ்வரி அவளை ஒரு விதமாகப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்த நேரத்தில் சுப்பம்மாவின் குரல்தான் எழும்பியது.

“என் பேர்ல என்ன எழுதினீங்க?”

றிஃப்னா பின்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: “ராசா ஒரு பாட்டில குளம் கட்டினது உங்கட நெஞ்சை உருக்கினதெண்டு.”

“என் நெஞ்சு ஒண்ணும் உருகல” என்றார் சுப்பம்மா. அடையாள அட்டைப் பிரதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “புதன்கிழமை நானுந்தான் படம் பாத்தேன். அந்தக் குளம் வெட்டுற பாட்டுல ஒரு முந்நூறு பொம்பளைங்க மண் கூடை தூக்கிட்டு ஆடுறாளுங்க. ஒருத்தி சீலையிலயும் சேறு இல்ல. ராசா கப்பல் ஏறப் போறான், ராணி அழுவுறா. அவளுக்கு வீட்டுல நாப்பது வேலைக்காரி. அந்த நாப்பது பேரோட புருஷனும் கப்பல்லதான் போறான். அவளுங்க அழுதா யாருங்க காட்டுனா?”

 ஐயாத்துரை பதினாலு பக்கத்தையும் வேகமாகப் புரட்டினார். அதில் அது இல்லை.

“அது பிழை” என்று ஒரு குரல் வந்தது. விமலேஸ்வரி எழும்பி நின்றார். “ராணி அழுறது தனக்காக இல்லை. எல்லாப் பெண்களுக்கும் சேத்துத்தான் அழுறா. நான் மூண்டு தரம் பாத்தனான்.”

“மூணு தரம் பாத்தும் அந்த வேலைக்காரிங்க மூஞ்சி ஞாபகம் இருக்குங்களா?”

விமலேஸ்வரி யோசித்தார். “இல்லை” என்றார், கொஞ்சம் மனவருத்தத்தோடு.

அவ்வளவுதான். பொங்கி வழிந்தது. கோழிக்கூடு கேட்டவர், யானைக்கு யார் தீனி போட்டது என்று கேட்டார். இன்னொருவர் ராசாவுக்காகப் பேசினார், அவரை அவருடைய மனைவியே அடக்கினார். ஐயாத்துரை நாற்று நட்ட வயலை எடுத்தார். வயல்காரர் எல்லோரும் அவர் பக்கம் சேர்ந்தார்கள். ஒரு வருடமாக அவர் சுமந்த கருத்தைச் சனம் பங்குபோட்டுத் தூக்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மணி பதினொன்றரை ஆனது ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஐயாத்துரை மற்ற மூன்று பக்கத்தை எடுத்தார்.

“இனி நாவல். நான் முழுக்க வாசிச்சனான். நேற்று வயலுக்கே போகேல்லை.” தொண்டையைச் செருமினார். “நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். இருபத்தேழு கொலை. ஒருத்தருக்கும் செத்தவீடு நடக்கேல்லை. கதாநாயகியின்ரை கண்ணுக்கு நாலு வரி, வாகனத்தின்ரை கியர்ப் பெட்டிக்கு நாப்பது பக்கம். எழுதின பிள்ளை பல்லு டொக்டரிட்டை ஒருநாளும் போயிருக்கமாட்டா. காதல் வசனம் எல்லாம் வெட்டவேணும். ஆனால் எங்கடை றோட்டிலை மாங்குளத்திலை இருந்து பரந்தன் மட்டும் அவனைத் துரத்திக்கொண்டு வருகினம், அந்த அத்தியாயம் பொய்யில்லை. எந்த வளைவிலை மாடு படுத்திருக்கும் எண்டது வரைக்கும் சரி. அதை ரெண்டு தரம் வாசிச்சனான். படத்தைவிட இது பரவாயில்லை. இதிலை ஒருத்தரும் தையிலை நாத்து நடேல்லை.”

சனம் சிரித்தது. ஏழு பேர் புத்தகத்தைக் கேட்டுக் கையை நீட்டினார்கள். அந்த மாட்டைத் தங்களுக்கும் தெரியும் என்றார் ஒருவர். வாகனத்தில் இருக்கவேண்டிய மஹ்றூப் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விமலேஸ்வரி தன் கோவையைத் திறந்து, அதிலிருந்த பட்டியலில் ஒரு பெயரை நீளமாக ஒரு கோடு போட்டு வெட்டினார். சுகந்தினியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“உந்த இருபத்தைஞ்சு தாளும் எனக்குத் தேவையில்லை, பிள்ளை. ஒரு நூலகத்திலை இவ்வளவு சனம் நிண்டு சண்டை பிடிச்சதை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். இதைப் பூட்ட என்னாலை ஏலாது.”

 சுகந்தினி நன்றி சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டாள். றிஃப்னா வந்து அவளுடைய முதுகைத் தடவினாள். சனம் ஒன்றும் கொடுக்கவில்லை என்ற குறையோடும், நன்றாகப் பேசினோம் என்ற திருப்தியோடும் கலையத் தொடங்கியது.

விமலேஸ்வரி வாகனத்தில் ஏறிவிட்டார். மஹ்றூப் மட்டும் தோளைச் சரித்துக் கதவால் உள்ளே வந்தார். மேசையருகே நின்று, அந்தப் பெரிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னும் பின்னுமாக மாற்றினார்.

“தங்கச்சி, அந்த ஐயா புத்தகத்தைப் பத்தி எழுதின மூண்டு பக்கத்தையும் நான் கொண்டுபோகட்டா?”

“மேடம் கேட்டவாவோ, நானா?”

“மேடம் எதையும் கேக்கல்ல தங்கச்சி, திங்கக்கிழமையும் கேக்கல்ல” என்றார் மஹ்றூப், தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தபடி. “அந்தப் புத்தகம் நான் பேரை மாத்தி எழுதினது, என்ட வீட்டில கூட இன்னும் ஒருத்தரும் வாசிக்கல்ல.”